மஸ்கி கடிக்கிறது, முள்ளில் மாட்டவில்லை: சக்கர் இரை போடுவோருக்கான கோளாறு கையேடு

அக்டோபர் கடைசி. வடக்கு விஸ்கான்சினில் ஓர் ஏரி, விரல் விறைக்கும் குளிர். படகின் பின்புறம் தாங்கியில் நிற்கும் ராட்டில், அதாவது தூண்டில் கோலில், ரீலின் கிளிக்கர் (நூல் ஓடும்போது ஒலிக்கும் விசை) ஒருமுறை ‘டிக்’ என்கிறது. அடுத்த நொடி மூச்சுவிடாமல் அலறுகிறது. ஓடிப்போய் ராட்டை எடுத்துப் பலங்கொண்ட மட்டும் சுண்டுகிறீர்கள். ஒரு கணம் கனக்கிறது, அப்புறம் லேசாகிவிடுகிறது. நூலைச் சுற்றி எடுத்தால் முனையில் இரையாகக் கோத்த சக்கர் மீன் மட்டும் செதில் உரிந்து பரிதாபமாகத் தொங்குகிறது.

மஸ்கி என்பது வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரிய வேட்டை மீன். அதைப் பத்தாயிரம் வீச்சுக்கு ஒன்று அகப்படும் மீன் என்று இங்கே சொல்வார்கள். உயிருள்ள சக்கரைத் தொங்கவிட்டால் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கடித்ததெல்லாம் கைக்கு வராது. என் முதல் இரண்டு இலையுதிர்காலங்களும் கடியை எண்ணியே கழிந்தன. மீனை எண்ணும் வேலை வரவேயில்லை. மீன் தந்திரசாலி, அன்று நேரம் சரியில்லை, காற்று திசை மாறிவிட்டது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோளாறு ஒன்றுதான், வேடம்தான் பல.

அந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கி ஓரடி நீளச் சக்கரைக் குறுக்கே கவ்வியிருக்கும்போது நீங்கள் சுண்டினால் இழுபடுவது சக்கர். அதன் தாடையின் பிடி அப்படி. மேலண்ணத்தில் பின்னோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் தூரிகை மாதிரி அடர்ந்திருக்கின்றன, கவ்வியது வழுக்காது. முள் குத்த வேண்டுமானால், அது சக்கரின் தோலைவிட்டுக் கழன்று மஸ்கியின் வாய்க்குள் கொஞ்ச தூரமாவது நகர வேண்டும். நகராத முள் எவ்வளவு கூராக இருந்தாலும் குத்தாது. இனி வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் நாம் தேடப்போவது இதைத்தான்: முள் ஏன் நகரவில்லை, நகர்ந்திருந்தால் ஏன் தவறான பக்கம் நகர்ந்தது.

உங்களிடம் இருக்கும் சாமான் இது என்று வைத்துக்கொள்கிறேன்: எட்டு, ஒன்பது அடிக் கனத்த ராட், கிளிக்கர் உள்ள ரீல், 80 முதல் 100 பவுண்டு பின்னல் நூல், இரண்டு மும்முட்கள் கட்டிய குயிக் ஸ்ட்ரைக் ரிக். மும்முள் என்றால் டிரெபிள், ஒரே தண்டில் மூன்று முனை உள்ள முள். ரிக் என்றால் முட்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு; மீன் விழுங்கும்வரை காத்திராமல் சுண்டலாம் என்பதால் குயிக் ஸ்ட்ரைக். ஒற்றை முள்ளில் சக்கரைக் கோத்து விழுங்கக் காத்திருக்கும் பழைய முறையில் இருக்கிறீர்கள் என்றால், கடைசிப் பகுதிக்கு முந்தியதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

முதல் வேலை: சக்கரின் பிணப் பரிசோதனை

தவறவிட்ட எரிச்சலில் சக்கரைத் தண்ணீரில் எறியாதீர்கள். என்ன நடந்தது என்று அதன் உடலில் எழுதியிருக்கும்.

நடு உடம்பில் இரு பக்கமும் ஆழமான வெட்டுகள் எதிரெதிரே இருந்தால், மஸ்கி குறுக்கே கவ்வியிருக்கிறது. நன்றாகத்தான் பிடித்திருந்தது, குறை உங்கள் பக்கம். தலையிலிருந்து பின்னோக்கி நீளக் கீறல்கள் ஓடினால், மீனைத் திருப்பித் தலைமுதலாக விழுங்கத் தொடங்கியிருக்கிறது. அப்படியும் மாட்டவில்லை என்றால் முட்கள் இருந்த இடமோ கூர்மையோ சரியில்லை. வாலருகே மட்டும் தடம் என்றால் அது தனிக் கதை, கீழே வருகிறது. செதில் மட்டும் ஒரு பக்கம் உரிந்து வெட்டே இல்லையென்றால் மஸ்கி மோதிப் பார்த்திருக்கிறது, அல்லது வந்தது மஸ்கியின் உறவான ஒரு சின்ன பைக் மீன். அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து முட்களைப் பாருங்கள். மும்முள்ளின் முனைகள் சக்கரின் சதைக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றனவா? முனையில் செதில் ஒன்று தொப்பி போட்டாற்போல் செருகியிருக்கிறதா? பாதித் தவறுகளுக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி: சுண்டினேன், கனத்தது, சக்கர் மட்டும் வந்தது

எல்லாருக்கும் நடப்பது இது. காரணங்களை நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் சந்தேகம் முள் ஆழமாகக் கோத்திருப்பது. சக்கர் கழன்று போய்விடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் மும்முள்ளின் ஒரு முனையை முதுகுச் சதைக்குள் அழுத்திக் குத்துவார்கள். நானும் குத்தினேன். சக்கரின் தோல் தடித்தது, கிழியாது. நீங்கள் முழு பலத்தில் இழுத்தாலும் முள் சக்கரிலேயே நிற்கும், சக்கர் மஸ்கியின் வாயில் நிற்கும், நீங்கள் படகில் நிற்பீர்கள். முனை தோலை மட்டும் மெல்லத் தூக்கினால் போதும். ஊசியில் பூக்கோப்பதுபோல் மேலோட்டமாக. மற்ற இரண்டு முனைகளும் வெளியே, எதையும் தொடாமல் நிற்க வேண்டும்.

அப்படிக் கோத்தால் இழுவையை எது தாங்கும் என்பீர்கள். அதற்குத்தான் ரப்பர் வளையம். நீண்ட ஊசியால் சக்கரின் மூக்கு வழியே சின்ன ரப்பர் வளையத்தைக் கோத்து, ரிக்கின் முன்பக்கக் கிளிப்பில் மாட்டுங்கள். படகு இழுக்கும் பாரம் முழுவதும் மூக்கில் விழும். பக்கவாட்டு முட்கள் சும்மா ஒட்டிக்கொண்டு வரும். சுண்டும்போது ரப்பர் அறுந்து அல்லது மூக்கைக் கிழித்துக்கொண்டு வர, சக்கர் ஒரு பக்கம் போகும், முட்கள் மறுபக்கம் போகும். சரியாக அமைந்த நாளில், மஸ்கி முள்ளில் இருக்க, சக்கர் தண்ணீர்மேல் தனியே மிதப்பதைப் பார்க்கலாம். அதுதான் நமக்கு வேண்டிய காட்சி.

முட்களின் இடமும் இதோடு சேர்ந்தது. ஒன்று செவுளுக்குச் சற்றுப் பின்னால், இன்னொன்று மறுபக்கத்தில் முதுகுத் துடுப்புக்குக் கீழே. இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால், மஸ்கி எந்தப் பக்கம் படுத்துக் கவ்வுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் அதிர்ஷ்டம் பாதியாகிறது.

இரண்டாவது சந்தேகம் திசை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் ஆயின. மஸ்கி உங்களை நோக்கி நீந்திக்கொண்டிருக்கும்போது சுண்டினால், முள் திறந்த வாயின் முன்பக்கமாக வெளியே வருகிறது. குத்த அங்கே ஒன்றும் இல்லை. அது உங்களைவிட்டு விலகியோ குறுக்கேயோ போகும்போது சுண்டினால், முள் தாடையின் மூலைக்கு இழுபடுகிறது. மூலையில் தோலும் மடிப்பும் உண்டு, முள் இறங்கும். முன்வாய் வெறும் எலும்பு.

ஆகவே கிளிக்கர் அலறியதும் ராட்டைப் பிடுங்குவதற்கு முன், மற்ற தூண்டில்களை ஒருவர் தூக்கட்டும். டிரோலிங் மோட்டார் என்ற சின்ன மின்மோட்டாரால் படகை மீன் பக்கம் மெல்ல நகர்த்துங்கள், நகர நகர நூலைச் சுற்றுங்கள். இருபது முப்பது அடிக்குள் வந்துவிட்டால் நூல் தண்ணீரைக் கிழித்துப் போகும் திசை கண்ணுக்குத் தெரியும். அதற்கு நேர் எதிர்த்திசையில் சுண்டுங்கள். இடப்பக்கம் போகிறதா, ராட்டை வலப்பக்கம் வீசுங்கள். உங்களை நோக்கி வந்தால் பொறுங்கள், படகைத் தாண்டட்டும்.

மூன்றாவது, நூலின் தொய்வு. காற்றில் படகு நகர்ந்திருக்கும், நூல் தண்ணீரில் வில்லாக வளைந்து கிடக்கும். உங்கள் வீச்சு முழுவதும் அந்த வளைவை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும். பின்னல் நூல் நம்மூர்த் தங்கூசிபோல் இழுபடாது என்ற நம்பிக்கையில் இதை மறந்துவிடுகிறோம். ராட்டின் முனையை நீரை நோக்கித் தாழ்த்தி, மீனின் பாரம் கையில் தெரியும்வரை சுற்றுங்கள். தெரிந்த பிறகுதான் வீச்சு. பாரம் தெரிந்தால் மீன் பயந்து விட்டுவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. வாயில் ஓரடி மீனை வைத்திருக்கும் மஸ்கி அவ்வளவு சுலபத்தில் பயப்படாது. பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று இன்னும் இறுக்கித்தான் கவ்வும்.

வீச்சு மேல்நோக்கி வெட்டுவதாக இருக்கக்கூடாது. ராட் தாழ்வாக, பக்கவாட்டில், இடுப்பிலிருந்து நீளமாக. வீசிக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள். அந்த நொடியில் டிராக், அதாவது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், வழுக்கினால் எல்லாம் வீண். டிராக் இறுக்கமாக இருக்கட்டும், கட்டைவிரல் நூல் சுருளின்மேல் அழுந்தியிருக்கட்டும். பாஸ் மீன் பிடித்த பழக்கத்தில் மணிக்கட்டால் ‘டப்’ என்று ஒரு வெட்டு வெட்டுகிறவர்களுக்கு மஸ்கி மாட்டாது. ஒரு சுண்டலில் சந்தேகம் இருந்தால், நூலைத் தளரவிடாமல் உடனே இன்னொன்று கொடுங்கள்.

அறிகுறி: நன்றாக இழுத்துப் போராடியது, படகோரம் வந்ததும் வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனது

இந்த மீன் உங்களிடம் மாட்டவே இல்லை. சக்கரை விட மனமில்லாமல் கூடவே வந்திருக்கிறது. தலையை ஆட்டியிருக்கும், ராட்டை வளைத்திருக்கும், நண்பர் வலையை எடுத்திருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் ‘இந்தா வைத்துக்கொள்’ என்று திறந்துவிட்டது.

மருந்து மேலே சொன்னதுதான். முள் சக்கரைவிட்டுக் கழலவில்லை. கூடவே முள்ளின் அளவைப் பாருங்கள். 12 முதல் 14 அங்குலச் சக்கருக்கு 2/0 அல்லது 3/0 மும்முள் பொருந்தும் (முன்னெண் ஏற ஏற முள் பெரிது). 18 அங்குலப் பருத்த சக்கருக்கு அதே முள்ளைப் போட்டால், முனை சக்கரின் விலாவைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காது. மஸ்கியின் பல்லுக்கும் முள்ளுக்கும் நடுவே மூன்று விரற்கடை சதை. அதற்கு 4/0, 5/0 என்று ஏறவேண்டும். பெரிய சக்கருக்குப் பெரிய மஸ்கி வரும் என்று இரைக் கடையில் தூக்கிக் காட்டுவார்கள். வரும்தான். ஆனால் மாட்டும் வாய்ப்பு குறைகிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நான் 15 அங்குலத்துக்கு மேல் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

கூர்மை பற்றி ஒரு வரி: முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள், வழுக்கினால் அரம் போடுங்கள், கீறிக்கொண்டு நின்றால் சரி. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், கல்லில் உரசிய ஒவ்வொரு முறையும்.

அறிகுறி: வாலில் மட்டும் பல் தடம்

மஸ்கி பின்தொடர்ந்து வந்து கடைசி நேரத்தில் எட்டிப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் படகு வேகமாகப் போவதுதான் காரணம். சக்கர் தலையை முன்னால் வைத்துப் படகை நோக்கி இழுபட, மஸ்கிக்குக் கிடைப்பது வால் மட்டும். ஓடாமல் தடுமாறும் மீனைத்தான் அது நிதானமாகக் குறுக்கே கவ்வும். மோட்டாரை அவ்வப்போது நிறுத்துங்கள், சக்கர் தானாகக் கீழே இறங்கித் திரும்பிப் பார்க்கட்டும். நின்ற அந்தச் சில நொடிகளில்தான் எனக்குப் பல கடிகள் வந்திருக்கின்றன.

வேகம் குறைத்தும் வாலே கடிபடுகிறது என்றால், பின்முள்ளைத் துடுப்புக்குக் கீழிருந்து இன்னும் இரண்டு அங்குலம் பின்னுக்குக் கொண்டுபோங்கள். அதற்கும் பின்னே வேண்டாம். வாலில் முள் இருந்தால் சக்கர் சுழன்று சுழன்று நூலை முறுக்கிவிடும்.

அறிகுறி: கிளிக்கர் கொஞ்ச நேரம் ஓடியது, நான் ராட்டைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது

இரண்டு வாய்ப்புகள். ஒன்று, மீன் விட்டுவிட்டது. இன்னொன்று, மீன் அங்கேயே நிற்கிறது. புதியவர்கள் எப்போதும் முதலாவதை நம்பி, நூலைச் சரசரவென்று சுற்றி, மஸ்கியின் வாயிலிருந்து சக்கரைத் தாங்களே பிடுங்கிவிடுவார்கள்.

தண்ணீர் 40 பாரன்ஹீட்டை நோக்கி இறங்கும் நவம்பரில் மஸ்கி கவ்விக்கொண்டு ஓடுவதில்லை. பிடித்த இடத்திலேயே கல்லாகக் கிடக்கும். கிளிக்கர் இரண்டே இரண்டு ‘டிக்’ சொல்லி ஓய்ந்துவிடும். ஆகவே நின்றாலும் ராட்டை எடுங்கள், கிளிக்கரை அணையுங்கள், முனையைத் தாழ்த்தி அங்குலம் அங்குலமாக நூலை இறுக்கிப் பாருங்கள். சக்கர் உயிரோடு தனியாக இருந்தால் ‘துறுதுறு’ என்று வரும். மஸ்கி இருந்தால் செத்த பாரமாக இருக்கும், சில வேளை உள்ளே மெதுவாகத் தலையாட்டல் தெரியும். தெரிந்ததும் திசை பார்த்துச் சுண்டுங்கள்.

உண்மையிலேயே விட்டுவிட்டது என்றால், அதற்கு ஏதோ தடை தட்டுப்பட்டிருக்கிறது. தேங்காய் அளவு தக்கையை நீருக்குள் இழுத்துக்கொண்டு ஓடச் சொன்னால் எந்த மீனும் சந்தேகப்படும். சக்கரைத் தாங்கும் அளவுக்குள் மிகச் சிறிய தக்கை போதும். படகின் பக்கத்திலேயே தொங்கவிடும் தூண்டிலுக்குத் தக்கையே வேண்டாம், அரை முதல் ஒரு அவுன்ஸ் ஈயம் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும். கிளிக்கர் போட்ட ரீலில் நூல் சுருள் கட்டற்றுச் சுழல வேண்டும். மறந்துபோய்ச் சுருளைப் பூட்டிவிட்டால் ஓடும் மீன் ராட்டையே இழுக்கும், உடனே விட்டுவிடும், இல்லையென்றால் ராட் ஏரிக்குள் போகும். இரண்டாவதும் எனக்கு நடந்திருக்கிறது. மேலே பேச விருப்பமில்லை.

குளிர் அதிகமான காலையில் ராட்டின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்து நூலைத் தடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை நீரில் முக்கி எடுங்கள்.

அறிகுறி: சக்கர் பயந்து துடிக்கிறது, கடி மட்டும் இல்லை

தக்கை நடுங்கும், கிளிக்கர் விட்டுவிட்டுத் துடிக்கும், சக்கர் மேற்பரப்புக்கு ஏறி வரும். கீழே மஸ்கி வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இது மாட்டாத கோளாறு இல்லை, கடிக்காத கோளாறு. ஆனாலும் கடியைக் கெடுப்பதும் நாம்தான், மேலும் நூல் கொடுத்து ‘எடுத்துக்கொள்’ என்று விட்டுவிடுகிறோம். தப்பி ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். ராட்டைக் கையில் எடுத்து, சக்கரை மூன்று நான்கு அடி மேலே தூக்கி அதனிடமிருந்து அப்பால் இழுங்கள், பிறகு விழவிடுங்கள். இரண்டாம் முறை விழும்போது கவ்வுவதைப் பார்த்திருக்கிறேன். ராட் ஏற்கெனவே கையில் இருப்பதால் நூலில் தொய்வும் இருக்காது, திசையும் தெரியும். ஆக, இப்படி வரும் கடிதான் மாட்டுவதற்கு ஏற்றது.

அறிகுறி: மாட்டியது, பாய்ந்தது, கழன்றது

சுண்டும்போது இறுக்கிய டிராக்கைத் தளர்த்த மறந்திருப்பீர்கள். மாட்டிய நிமிடத்தில் ஒரு கால்சுற்று தளர்த்துங்கள். மீன் மேலே ஏறும்போது ராட்டையும் உயர்த்தினால் அது வெளியே பாய உதவி செய்கிறீர்கள்; முனையை நீருக்குள் அழுத்தி, பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். நூல் ஒரு கணம்கூடத் தளரக்கூடாது, ஏனென்றால் வெளியில் தொங்கும் சக்கரின் எடையே முள்ளை ஆட்டிக் கழற்றிவிடும். சக்கர் அறுந்து போகும்படி கோக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். படகோரத்தில் தூக்கிப் படம் எடுக்கும் ஆசையில் சண்டையை நீட்டாதீர்கள். ரப்பர் பூச்சுள்ள பெரிய வலை முன்னமே நீரில் தயாராக, தலை முதலில் உள்ளே.

அறிகுறி: லீடர் அறுந்தது

லீடர் என்பது மஸ்கியின் பல் நூலை அறுக்காமலிருக்க நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு. ஏழு இழைக் கம்பியில் ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது. நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிது கட்டுங்கள். ஃபுளூரோகார்பன் இழை என்றால் 100 பவுண்டுக்குக் குறையாமல். விரலால் உருவிப் பார்த்துப் பல் கீறல் தட்டுப்பட்டால் வெட்டி எறியுங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: மாட்டுகிறது, ஆனால் முள் தொண்டைக்குள் இருக்கிறது

கைக்கு வந்துவிட்டதே, இது எப்படிக் கோளாறு என்று கேட்கலாம். பெருங்கோளாறு இதுதான்.

விராலுக்குத் தவளை போட்டு வளர்ந்தவன் நான். ‘அவசரப்படாதே, முழுங்கட்டும்’ என்பதுதான் குளக்கரையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். இங்கேயும் பழைய ஆட்கள் அதையே செய்தார்கள்: சக்கரின் மூக்கில் ஒற்றைப் பெருமுள், கடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து உட்காருவது, விழுங்கிய பிறகு இழுப்பது. பிடித்த மீனைக் கொன்று எடுத்துப்போன காலத்துக்கு அது சரியாக இருந்தது. உலகச் சாதனை என்று இன்றும் விவாதிக்கப்படும் இரண்டு மஸ்கிகளும் 1949-ல் இதே விஸ்கான்சினின் சாயர் கவுண்டியில் பிடிபட்டவை: லாக் கோர்ட்டே ஓரேய் ஏரியில் கால் ஜான்சனின் 67 பவுண்டு 8 அவுன்ஸ், சிப்பேவா ஃபுளோவேஜில் லூயிஸ் ஸ்ப்ரேயின் 69 பவுண்டு 11 அவுன்ஸ். அப்போது மஸ்கியைத் திருப்பி விடும் பேச்சே கிடையாது. 1966-ல் மினசோட்டாவில் ‘மஸ்கீஸ் இன்க்’ தொடங்கி, பிடித்து விடுவது மெல்ல வழக்கமான பிறகு, விழுங்க விடும் முறை கொலையாகிவிட்டது.

கொலை என்று சும்மா சொல்லவில்லை. ஒற்றை முள்ளை விழுங்கிய மஸ்கிகளைக் குளத்தில் விட்டு விஸ்கான்சினில் கவனித்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், 50 நாளுக்குள் இறந்தவை 22 சதவீதம், ஓராண்டில் 83 சதவீதம். நூலை அறுத்துவிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஆரோக்கியமாகப் போனது என்று நாம் நம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது எங்கேயோ ஆழத்தில் பல மாதம் கழித்துச் சாகிறது. ஐம்பது அங்குல மஸ்கி பதினைந்து வருடம்போல வளர்ந்த மீன்.

ஆகவே எவ்வளவு நேரம் பொறுப்பது? படகைக் கிட்டே கொண்டுபோய் நூலை இறுக்கித் திசை பார்க்க ஆகும் நேரம், அவ்வளவுதான். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நீங்கள் பொறுக்கவில்லை, தயங்குகிறீர்கள். குயிக் ஸ்ட்ரைக் ரிக்கின் வசதியே மஸ்கி குறுக்கே கவ்வியிருக்கும்போதே சுண்டலாம் என்பதுதான். விழுங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. விஸ்கான்சினில் 8 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள மீனை உயிர் இரையாகப் போடுவதானால் குயிக் ஸ்ட்ரைக் ரிக்கோ முனை பக்கவாட்டில் சாயாத சர்க்கிள் முள்ளோ (முனை உள்பக்கமாக வளைந்த முள்) சட்டப்படி கட்டாயம். வேறு மாநிலத்திலோ கனடாவிலோ போடுவதானால் அந்த ஊர் விதிப்புத்தகத்தைப் பாருங்கள், உயிர் இரை விதிகள் ஊருக்கு ஊர் வேறு.

சர்க்கிள் முள் போட்டால் மேலே சொன்ன வீச்சை எல்லாம் மறந்துவிடுங்கள். சுண்டினால் அது வழுக்கி வெளியே வந்துவிடும். சும்மா சுற்றிக்கொண்டே போங்கள், மீன் திரும்பும்போது முள் தானாகத் தாடை மூலையில் போய் உட்காரும். சுண்டாமல் இருக்க என் கைக்குத் தெரியவில்லை, அதனால் மும்முள்ளோடு நிற்கிறேன்.

நீள மூக்குக் குறடும், முள்ளை வெட்டும் கனத்த வெட்டியும் இல்லாமல் ஏரிக்குப் போகாதீர்கள். முள் ஆழத்தில் இருந்தால் கிண்டாதீர்கள், தண்டை வெட்டிவிடுங்கள். மும்முள்ளின் விலை மஸ்கியின் விலையைவிடக் குறைவு.

எல்லாம் சரியாகச் செய்தும் தவறிவிட்டால்

சக்கரைப் பெட்டியில் போடாதீர்கள். அது செத்திருந்தாலும், குடல் தொங்கினாலும், முட்களை மறுபடி தோலில் மாட்டி அதே இடத்தில், அதே ஆழத்தில், ஒரு நிமிடத்துக்குள் திரும்ப இறக்குங்கள். மஸ்கிக்கு நீங்கள் யார் என்று தெரியாது. தான் கொன்ற மீன் நழுவிப் போய்விட்டது, அவ்வளவே அதற்குத் தெரியும். தேடிக்கொண்டு சுற்றும். புதிய, துடிப்பான சக்கரைவிடத் தன் பல் பட்ட பழையதை எடுக்கத் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த முறை படகு ஏற்கெனவே அதன் தலைமேல் இருக்கிறது, ராட் கையில் இருக்கிறது, நூலில் தொய்வில்லை. செத்த சக்கர் துடிக்காது என்பதால் ராட்டின் முனையை இடையிடையே ஒரு சாண் தூக்கித் தாழ்த்திக்கொண்டே இருங்கள்.

இருபது நிமிடம் பார்க்கலாம். வரவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நகருங்கள், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது திரும்பி வாருங்கள். கரையேறும்போது மீந்த தண்ணீரைப் படகிலிருந்தும் தொட்டியிலிருந்தும் முழுக்க வடித்துவிடுங்கள், ஒரு ஏரியின் சக்கரை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள், நோயும் கூடவே போகும். 2005-ஐ ஒட்டி செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மீன்களைக் கொல்லும் வி.எச்.எஸ். வைரஸ் தாக்கிப் பெரிய பெரிய மஸ்கிகள் செத்து மிதந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அந்தக் கரையில் மீன் பிடிக்கிறார்கள்.